நொச்சி: ஆவிக்கு ஒன்று, கஷாயத்துக்கு ஒன்று, எண்ணெய்க்கு ஒன்று

சிங்கப்பூரில் நொச்சி என்று சொல்லி நம்மவர்கள் பறிக்கும் இலை பல நேரம் நொச்சியே அல்ல, அதன் பங்காளி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளின் அடியிலும் சாலையோரத்திலும் வேலியாகக் கத்தரித்து நிற்கும் ஒரு செடி உண்டு. மேலே சாம்பல் பச்சை, அடிப்புறம் கத்தரிப்பூ நிறம். காற்றடித்தால் செடியே நிறம் மாறியதுபோல் தெரியும். அது வைட்டெக்ஸ் டிரைஃபோலியா. தமிழில் நீர்நொச்சி, மலாயில் லெங்குண்டி. தமிழ்நாட்டு வேலியோரத்து நொச்சி வைட்டெக்ஸ் நிகுண்டோ, லின்னேயஸ் 1753இல் பெயரிட்டது. இரண்டும் ஒரே பேரினம்தான், மணமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பாட்டி வைத்தியக் குறிப்பில் இருக்கும் அளவும் பக்குவமும் பெரும்பாலும் பின்னதற்குச் சொன்னவை.

பிரித்தறியச் சிற்றிலையின் காம்பைப் பாருங்கள், இலை எண்ணிக்கையை நம்பாதீர்கள். நொச்சியில் ஐந்து சிற்றிலைகள் என்று பாடம் இருந்தாலும், ஒரே கிளையில் மூன்று சிற்றிலை கொண்ட இலைகளும் வரும். நொச்சியின் நடுச் சிற்றிலைக்குத் தெளிவான தனிக்காம்பு இருக்கும். இருபுறமும் உள்ள கடைசி இரண்டு மட்டும் காம்பில்லாமல் ஒட்டி நிற்கும். நீர்நொச்சியில் எல்லாச் சிற்றிலைகளும் காம்பின்றி ஒரே புள்ளியில் ஒட்டியிருக்கும், அகலமாகவும் இருக்கும். நொச்சியின் சிற்றிலை நீண்டு, நுனி கூர்ந்து வரும். சங்கப் புலவர் ஒருவர் இதை மயிலின் காலடிக்கு ஒப்பிட்டார். அதைவிடச் சரியான தாவரவியல் விளக்கம் இதுவரை என் கண்ணில் படவில்லை. இளந்தண்டு நான்கு பட்டையாக இருக்கும், இலைகள் எதிரெதிராக வரும், அடிப்புறம் வெள்ளைத் தூசு படிந்தது போன்ற நுண்மயிர். பூ வெளிர் ஊதா, பழம் மிளகைவிடச் சற்றுச் சிறியது, முற்றினால் கறுக்கும்.

இன்னொரு வகை நொச்சிக்கு இலை விளிம்பு பல் பல்லாக இருக்கும். அதைப் பார்த்துக் கஞ்சா என்று பதறுகிறவர்கள் உண்டு. சிங்கப்பூரில் பதறுவதில் நியாயமும் உண்டு. இரண்டுக்கும் குடும்ப உறவே கிடையாது. கஞ்சாச் செடியின் மேற்பகுதியில் இலைகள் மாறி மாறி வரும், நொச்சியில் அடி முதல் நுனி வரை எதிரெதிர்தான். நொச்சி மரத்தண்டு கொண்ட புதர், பல ஆண்டு வாழும். குடும்பம் என்று பார்த்தால் அது துளசி, புதினா, ஓமவல்லி வரிசையில் வருகிறது.

இலைக்குள் என்ன இருக்கிறது

நொச்சி இலையின் சரக்கை மூன்று குழுவாகப் பிரித்துக்கொண்டால் பழைய கைமுறைகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது விளங்கிவிடும். இதைத் தெரியாமல்தான் வேது (ஆவி) பிடித்த தண்ணீரைக் குடிப்பது, பொடியை வாங்கி ஆவி பிடிப்பது, தைலத்தை மூக்கில் விடுவது எல்லாம் நடக்கின்றன.

முதல் குழு ஆவியாகும் எண்ணெய். இலையைக் கசக்கியதும் மூக்கில் ஏறுவது இதுதான். சபினீன், 1,8-சினியோல், டெர்பினென்-4-ஆல் ஆகியவை 10 கார்பன் கொண்ட சின்ன மூலக்கூறுகள். பீட்டா-கேரியோஃபிலீன், விரிடிஃப்ளோரால் ஆகியவை 15 கார்பன் கொண்ட கனமானவை. எது எவ்வளவு என்பது செடிக்குச் செடி மாறும். ஒரு மண்ணில் சபினீன் முந்தும், இன்னொரு மண்ணில் கேரியோஃபிலீன் முந்தும். ஆகவே “நொச்சி எண்ணெயில் இத்தனை விழுக்காடு இன்னது” என்று ஒரே எண்ணை அடித்துச் சொல்கிற விளம்பரத்தைக் கண்டால் ஒதுங்கிவிடலாம். மொத்த எண்ணெயே கொஞ்சம்தான். 100 கிராம் பச்சை இலையில் ஒரு கிராமுக்கும் வெகு குறைவு. சினியோல்தான் யூகலிப்டஸ் தைலத்தின் முதன்மைப் பொருள். கேரியோஃபிலீன் மிளகிலும் கிராம்பிலும் உள்ளது, கஞ்சாவிலும் உள்ளது. அது உடலில் சிபி2 என்ற ஏற்பியில் ஒட்டுகிறது என்று 2008இல் காட்டினார்கள். சிபி2 அழற்சியோடு தொடர்புடையது. போதை தருவது சிபி1, அதைக் கேரியோஃபிலீன் தொடுவதில்லை. மிளகு ரசம் குடித்து யாரும் கிறங்காததற்குக் காரணம் இதுவே.

இரண்டாம் குழு இரிடாய்டு கிளைகோசைடுகள் என்னும் கைப்புப் பொருள்கள்: அக்னுசைடு, நெகுண்டோசைடு. ஒவ்வொன்றிலும் ஒரு குளுக்கோஸ் ஒட்டியிருக்கும், அதனால் தண்ணீரில் கரையும். மூலக்கூறு எடை முறையே 466, 496. சபினீனுக்கு 136தான். இவ்வளவு கனமும் சர்க்கரையும் சேர்ந்த ஒன்று ஆவியோடு எழும்பி வரவே வராது. நெகுண்டோசைடு கல்லீரல் செல்களைக் காக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். ஆய்வகத்துக்கும் அடுக்களைக்கும் தூரம் அதிகம்.

மூன்றாம் குழு ஃபிளேவனாய்டுகள். இவற்றில் பேர்பெற்றது காஸ்டிசின். நான்கு மெத்தாக்ஸி தொகுதிகளைத் தாங்கி நிற்பதால் அது தண்ணீரை அவ்வளவாக விரும்பாது, ஆல்கஹாலையும் கொழுப்பையும் நாடும். அழற்சியைத் தணிக்கும் பண்பு செல் ஆய்வுகளிலும் விலங்கு ஆய்வுகளிலும் தெரிந்திருக்கிறது. சர்க்கரை ஒட்டிய வேறு ஃபிளேவனாய்டுகளும் இதே இலையில் உண்டு, அவை தண்ணீர்ப் பக்கம் போகும்.

ஆக, ஆவி பிடித்தால் முதல் குழு மட்டும் வரும். கஷாயம் போட்டால் இரண்டாவது வரும். எண்ணெயில் காய்ச்சினால் முதல் குழுவின் கனமான பாதியும் மூன்றாவதும் இறங்கும். ஒன்றுக்கு ஒன்று மாற்றல்ல. சித்த மருத்துவம் நொச்சிக்குக் கைப்பு, துவர்ப்பு, காரம் என்று சுவையும் வெப்ப வீரியமும் சொல்லி, ஒவ்வொரு நோய்க்கும் வேது, ஒற்றடம், தைலம், குடிநீர் எனத் தனித்தனிப் பக்குவம் வகுத்ததை இந்தக் கண்ணோடு பார்த்தால் அதன் கணக்கு தெரியும்.

வேது

சளி, தலைபாரம், மூக்கடைப்புக்கு நொச்சி வேதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. பெரும்பாலோர் செய்யும் தவறும் இதில்தான். இலையைப் பச்சைத் தண்ணீரிலேயே போட்டு, மூடாமல், பத்து நிமிடம் கொதிக்கவிடுகிறார்கள். சமையலறை கமகம என்று மணக்கும். அங்கே மணக்கிறதென்றால் பாத்திரத்தில் மிச்சம் இல்லை என்று அர்த்தம். சபினீன் கொதிக்கும் வெப்பநிலை 160 டிகிரிக்கு மேல், சினியோல் 176. அப்படியானால் 100 டிகிரித் தண்ணீரில் எப்படி வெளியேறும் என்று கேட்கலாம். தண்ணீரோடு கலக்காத எண்ணெய் தன் பங்கு ஆவியழுத்தத்தைத் தனியாகச் சேர்க்கும். இரண்டின் அழுத்தமும் கூடிக் காற்றழுத்தத்தைத் தொடும்போது 100 டிகிரிக்குக் கீழேயே இரண்டும் சேர்ந்து எழும்பிவிடும். வாசனை எண்ணெய் வடிப்பதும் இதே விதிப்படிதான்.

எனவே, ஒன்றரை லிட்டர் தண்ணீரைத் தனியாகக் கொதிக்க வையுங்கள். அது கொதிக்கும் நேரத்தில் 30 முதல் 40 கிராம் இலையை, அதாவது நன்றாக ஒரு கைப்பிடியை, கழுவிக் கையால் இரண்டு மூன்றாகக் கிள்ளுங்கள். மிக்சியில் அடிக்க வேண்டாம். அடுப்பை அணைத்தபின் இலையைப் போட்டு உடனே மூடி, இரண்டு நிமிடம் விடுங்கள். பாத்திரத்தை உறுதியான மேசைமேல் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தை 30 செ.மீ. தள்ளி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மூடியைச் சிறிது சிறிதாகத் திறங்கள். ஐந்து நிமிடம் போதும், பத்துக்கு மேல் வேண்டாம். மஞ்சள்தூள் போடுவது வழக்கம். ஆவியோடு மஞ்சளின் நிறப்பொருள் வராது, பாத்திரத்தில் கறை படிவதுதான் மிச்சம்.

கிராமத்தில் பழுக்கக் காய்ச்சிய செங்கல் துண்டைப் பாத்திரத்தில் போடுவார்கள். ஆவி குறையக் குறைய மறுபடி எழுப்பும் நல்ல உத்தி. அதை வீவக வீட்டில் முயல வேண்டாம். செங்கல் தெறித்தால் கொதிநீர் முகத்தில்தான் வரும்.

கொதிநீரைப் பற்றிக் கறாராகவே சொல்ல வேண்டியிருக்கிறது. குழந்தையை மடியில் வைத்துத் துண்டைப் போர்த்தி வேது பிடிக்கக் கூடாது. குழந்தை ஓர் உதை உதைத்தால் பாத்திரம் கவிழும், தொடையும் வயிறும் வெந்துபோகும். ஆவி பிடிக்கும்போது குழந்தைகளுக்கு நேரும் தீப்புண்கள் மருத்துவமனைகளுக்குப் பழக்கமானவை. அப்படி நடந்தால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பற்பசை, மாவு, எண்ணெய் எதுவும் தடவக் கூடாது. சூடான ஈர ஆவி சளியைச் சீக்கிரம் போக்குகிறதா என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தும் தெளிவான பலன் நிறுவப்படவில்லை. மூக்கு சற்று நேரம் திறக்கும், தலைபாரம் இறங்கியதுபோல் இருக்கும், பெரியவர்களுக்கு அந்தச் சுகம் போதும். அதற்காகக் குழந்தையை ஆபத்தில் வைப்பது தகாது.

வேதுத் தண்ணீரில் கற்பூரம் போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கற்பூரம் சின்னக் குழந்தைகளுக்கு வலிப்பு வரை கொண்டுபோகக்கூடியது. சிங்கப்பூரில் 1965 முதல் பிறந்த குழந்தைகளுக்கு ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உண்டா என்று பரிசோதிக்கிறார்கள். அந்தக் குறைபாடு உள்ளவர்களை நாப்தலீன் உருண்டை, கற்பூரம், மென்தால் கலந்த தைலம் ஆகியவற்றிலிருந்து தள்ளியிருக்கச் சொல்வது வழக்கம். ஆஸ்துமாக்காரர்களுக்கு நெடியுள்ள ஆவியே மூச்சுக்குழாயைச் சுருக்கலாம். அவர்களுக்கு இன்ஹேலர்தான் மருந்து, நொச்சி அல்ல.

வேது முடிந்து மிஞ்சிய தண்ணீரில் இரிடாய்டுகள் கிடக்கின்றன. பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் காலை அதில் வைத்துக்கொள்ளலாம், குளிக்கும் நீரில் கலக்கலாம். அதைக் குடிக்கக் கூடாது. எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளவில்லாத தண்ணீர் அது.

ஒற்றடம்

மூட்டுவலி, கழுத்துப்பிடிப்புக்கு இதுவே எனக்குப் பிடித்த பக்குவம். செலவில்லை, உள்ளே போவதுமில்லை. இலை 100 கிராம், விளக்கெண்ணெய் இரண்டு தேக்கரண்டி. இலையைக் கழுவித் துணியில் ஒற்றி ஈரம் போக்கிய பிறகு நறுக்க வேண்டும். ஈரத்தோடு வாணலியில் போட்டால் எண்ணெய் தெறிக்கும். இலை வதங்காமல் அவிந்தும் போகும். மிதமான தீயில் மூன்று நான்கு நிமிடம் வதக்குங்கள். இலை துவண்டு, பச்சை மங்கி, மணம் மாறும். அதுதான் பதம். நெய்த பருத்தித் துணியில் கொட்டி இறுக்கி முடியுங்கள். பாலியெஸ்டர் துணி சூட்டில் உருகும்.

முதலில் உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று விநாடி பொறுக்க முடிந்தால் நோயாளிக்கு வைக்கலாம். ஆரம்பத்தில் தட்டித் தட்டி எடுங்கள், சூடு தணிந்ததும் அழுத்திப் பிடியுங்கள். மொத்தம் 15 நிமிடம். ஆறியதும் வாணலியிலேயே வைத்துச் சூடேற்றலாம். இரண்டு முறைக்கு மேல் அந்த இலை உதவாது, கருகல் வாடைதான் வரும்.

எண்ணெய் கூடினால் துணி வழியே சொட்டும், சொட்டிய இடம் கொப்பளிக்கும். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு இன்னும் ஆபத்து. சுடுவது தெரியாமலே தோல் வெந்துவிடும், அந்தப் புண் ஆற மாதக்கணக்காகும். அவர்களுக்குக் காலில் ஒற்றடமே வேண்டாம். சிவந்து, வீங்கி, காய்ச்சலோடு வலிக்கும் மூட்டுக்கும் சூடு கூடாது. அது மூட்டுக்குள் தொற்றாக இருக்கலாம்.

தைலம்

நொச்சித் தைலத்தில் கை தேர்ந்தவர்கள் காதால் காய்ச்சுவார்கள், கண்ணால் அல்ல. மரபான விகிதம் விழுது ஒரு பங்கு, எண்ணெய் நான்கு, சாறு பதினாறு. வீட்டளவில் நல்லெண்ணெய் 200 மில்லி, சாறு 800 மில்லி, இலை விழுது 50 கிராம். நொச்சி இலையில் சாறு குறைவு. சும்மா பிழிந்தால் கை வலிக்கும், சொட்டு வராது. அரைக் கிலோ இலையைத் தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்து, 800 மில்லிக்குக் கொண்டுவாருங்கள். திப்பியை நன்றாக வடிகட்டாவிட்டால் அடியில் பிடித்துத் தைலம் முழுக்கத் தீய்ந்த வாடை ஏறிவிடும்.

அடிகனமான, எல்லாவற்றையும் ஊற்றிய பிறகும் நுரைக்க இடம் மிஞ்சும் பெரிய பாத்திரம் வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துச் சிறுதீயில் வையுங்கள். தண்ணீர் இருக்கும்வரை எண்ணெய் 100 டிகிரியைத் தாண்டாது. அந்தக் கட்டத்தில் அவசரமில்லை, அவ்வப்போது அடியோடு கிளறினால் போதும். தண்ணீர் வற்றும் தறுவாயில் சலசலப்பு ஓய்ந்து, சின்னச் சின்ன வெடிப்பாக மாறும். இங்கிருந்து அடுப்பை விட்டு நகரக் கூடாது. சில நிமிடத்திலேயே எண்ணெயின் சூடு கிடுகிடுவென ஏறும். மேலே நுரை கட்டும். கரண்டியில் கொஞ்சம் விழுதை எடுத்து ஆறவிட்டு விரல்களுக்கிடையே உருட்டுங்கள். சேறாக ஒட்டினால் பதம் போதவில்லை. மெழுகுபோல் திரியாக உருண்டால் சரி. மணலாக உதிர்ந்தால் தாண்டிவிட்டது. உருட்டிய திரியைக் கொளுத்தினால் படபடவென்று வெடிக்காமல் எரிய வேண்டும். வெடித்தால் ஈரம் மிச்சம், அந்தத் தைலம் சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் சீக்கிரமே பூசணம் பிடிக்கும், சிக்குவாடை அடிக்கும்.

இறக்கியதும் சூட்டோடு வடிகட்டி, முழுக்க ஆறியபின் உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் ஊற்றுங்கள். சூடாக ஊற்றி மூடினால் மூடியின் அடியில் நீர் கோத்துத் திரும்பச் சொட்டும், இரண்டு மணி நேர உழைப்பும் வீண்.

காய்ச்சிய தைலம் பச்சை இலைபோல் மணக்காது. பலருக்கு இது ஏமாற்றம். அவ்வளவு நேரம் கொதித்ததில் சபினீனும் சினியோலும் பெரும்பாலும் போய்விட்டன. மிஞ்சியிருப்பது கேரியோஃபிலீன் போன்ற கனமானவையும் எண்ணெயில் இறங்கியவையும். மூக்கைத் துளைக்கும் நொச்சித் தைலம் கடையில் கிடைத்தால், யூகலிப்டஸோ கற்பூரமோ பிறகு சேர்த்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். உறையில் படித்துப் பாருங்கள். தைலத்தை உடம்பிலும் உச்சியிலும் தேய்த்து அரைமணி கழித்துக் குளிக்கலாம். மூக்கில் சொட்டுவது வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் வெளியேற வழியில்லாமல் ஒருவகை நிமோனியாவே வரும்.

குடிநீர்

இந்த ஊரில் நொச்சியை விசாரிக்க நம் கடைகளோடு நிற்க வேண்டியதில்லை. பிலிப்பினோ சக ஊழியரிடம் லகுண்டி என்று சொன்னால் முகம் மலரும். அவர்கள் நாட்டுச் சுகாதாரத் துறை பரிந்துரைத்த பத்து மூலிகைகளில் அதுவும் ஒன்று. இருமலுக்கு 300, 600 மில்லிகிராம் மாத்திரையாகவும் சிரப்பாகவும் மருந்துக்கடையில் விற்கிறது. சீன மருந்துக்கடையில் தலைவலிக்குத் தரும் மான் ஜிங் ஸி என்ற கறுத்த சிறு காய், நீர்நொச்சியின் காயும் அதன் கடற்கரை உறவின் காயும்தான். பல்விளிம்பு நொச்சியின் இலையெண்ணெய் சீன மருந்து நூலில் மூச்சுக்குழல் அழற்சிக்கு இருக்கிறது. மூன்று மரபுகள் ஒரே பேரினத்தைத் தலைக்கும் நெஞ்சுக்குமே எடுத்திருக்கின்றன.

பிலிப்பீன்ஸ் முறை எளிது: நறுக்கிய இலையை இரண்டு கிளாஸ் தண்ணீரில் 15 நிமிடம் கொதிக்கவைத்து, வடிகட்டி, மூன்று பங்காக்கி ஒரே நாளில் குடிப்பது. நம் முறையில் மிளகும் சுக்கும் சேர்ந்து இரண்டு டம்ளர் ஒன்றாகச் சுண்டும். இரண்டிலும் கைப்பு தூக்கலாக இருக்கும், இரிடாய்டு இறங்கியதற்கு அதுவே சாட்சி. இங்கே பாத்திரத்தை மூட வேண்டுமா என்ற கேள்வியே முக்கியமில்லை, வேண்டிய சரக்கு ஆவியாகாதது. அடுத்த நாளுக்கு வைக்காதீர்கள்.

மூன்று நாளைக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் கஷாயத்தை நிறுத்திவிட்டுப் பலதுறை மருந்தகத்துக்குப் போய் டெங்கிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் உள்ளுக்கு எடுக்க வேண்டாம். பிள்ளைபெற்ற உடம்புக்கு நொச்சி போட்டுக் காய்ச்சிய வெந்நீரை ஊற்றுவது வேறு, அது மேற்பூச்சோடு சரி. இணையத்தில் ‘வைட்டெக்ஸ்’ என்று பெண்களுக்கு விற்கும் மாத்திரை மத்தியதரைக்கடல் பகுதியின் வைட்டெக்ஸ் அக்னஸ்-காஸ்டஸ். அது டோபமைன் ஏற்பிகளைத் தூண்டி, பால் சுரப்புக்கான ஹார்மோனான புரோலாக்டினைக் குறைக்கிறது. நொச்சிக் கஷாயத்துக்குப் பதில் அதை வாங்குவதும், அதற்குப் பதில் இதைக் குடிப்பதும் ஒரே அளவு தவறு.

புகை, தலையணை, அரிசி

கொசுவுக்கு நொச்சிப் புகை என்பது அந்திநேரப் பழக்கம். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் பகலில் கடிக்கும். ஆகவே சாயங்காலப் புகை மட்டும் அதற்குக் காவலாகாது. புதிய வீடுகளில் 2018 ஜூன் முதல் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம், சட்டியில் தணல் போட்டுப் புகைத்தால் அது அலறும். இலைக்குக் கொசுவை விரட்டும் குணம் இல்லாமலில்லை. கடற்கரை நொச்சியின் இலையிலிருந்து ரோட்டுண்டியால் என்ற விரட்டியை 1995இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். பிரித்தெடுத்த பொருள் ஒன்று, புகை இன்னொன்று. டெங்கிக் குழுமம் (அடுத்தடுத்துப் பலருக்கு டெங்கி வந்த இடம்) உள்ள பேட்டையில் இருந்தால் கடையில் விற்கும் விரட்டியையே பூசுங்கள்.

தலையணைக்கு உலர்ந்த இலை 300 கிராம், மெல்லிய உள்ளுறையில். இரண்டு மாதத்தில் மணம் போகும், மாற்றிவிடுங்கள். தூசி ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது வேண்டாம், பொடிந்த இலையே தும்மலைக் கிளப்பும். அரிசி டப்பாவில் சின்னத் துணிமுடிப்பாகப் போட்டால் வண்டு வரத் தயங்கும், வந்துவிட்ட வண்டு போகாது.

வளர்ப்பதும் உலர்த்துவதும்

பூங்காவிலும் சாலையோரத்திலும் அனுமதியின்றிப் பறிப்பது குற்றம். பூச்சிமருந்து அடித்த இலையாகவும் இருக்கலாம். ஊரிலிருந்து பையில் குச்சி கொண்டுவர வேண்டாம், தாவரநலச் சான்றிதழ் இல்லாமல் வரக் கூடாது. நர்சரியிலோ, சமூகத் தோட்டத்தில் வளர்ப்பவரிடமோ கேட்டு வாங்குங்கள்.

பென்சில் தடிமனில், பச்சை போய்ப் பழுப்பேறத் தொடங்கிய கிளையில் 15 முதல் 20 செ.மீ. வெட்டுங்கள். மூன்று கணுவாவது இருக்கட்டும். அடிவெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக. இளநுனியை நட்டால் ஒரே நாளில் வாடும், முற்றின கட்டையை நட்டால் வேர்விடத் திணறும். பாதி மணல், பாதி தென்னைநார்த்தூள். நிழலில், மழை நேராக விழாத இடத்தில் மூன்று நான்கு வாரம். இந்த ஊரில் குச்சி காய்ந்து சாவதைவிட அழுகிச் சாவதே அதிகம். அடிப்பகுதி கறுத்து வழவழத்தால் தண்ணீர் கூடிவிட்டது.

வேர்பிடித்ததும் 30 செ.மீ. தொட்டி, நாளுக்கு ஐந்தாறு மணி நேர வெயில். நடைபாதை நிழலில் வைத்தால் இலை பெரிதாகவும் மெலிதாகவும் வரும், மணம் இருக்காது, மாவுப்பூச்சி ஏறும். நடைபாதையில் 1.2 மீட்டர் வழிவிட வேண்டும் என்ற விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். விட்டால் ஆள் உயரத்தைத் தாண்டும், எனவே இடுப்பளவில் கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டும். தொட்டியின் அடித்தட்டை எடுத்துவிடுங்கள். கொசுவிரட்டிச் செடியின் தட்டிலேயே கொசுப்புழு என்றால் அதிகாரி சிரிக்க மாட்டார், அபராதச் சீட்டுதான் தருவார்.

பறிக்க நல்ல நேரம் மழையில்லாத காலை, பனி உலர்ந்த பிறகு. பூக்கத் தொடங்கும் கிளையின் முற்றிய இலை, ஆனால் மஞ்சள் தட்டாதது. கழுவி, ஒற்றி, காம்போடு ஒரே அடுக்காகப் பரப்பி மின்விசிறியின் கீழ் வையுங்கள், வெயிலில் அல்ல. இங்குள்ள ஈரப்பதத்தில் மூன்று நான்கு நாளாகலாம். இலை முறுமுறுவென்று இருக்கும்போதே ஏமாந்துவிடாதீர்கள், நடுநரம்பையும் காம்பையும் ஒடித்துப் பாருங்கள். வளைந்தால் ஈரம் இருக்கிறது, டப்பாவில் அடைத்த ஒரு வாரத்தில் வெள்ளைப் பூசணம் தெரியும். அவனில் வைப்பதானால் 40 டிகிரி, கதவு சற்றுத் திறந்தபடி. 60க்குப் போனால் வீடு மணக்கும், இலை மணக்காது. முழு இலையாகவே கண்ணாடிக் குப்பியில் இருட்டில் வையுங்கள். வேண்டும்போது மட்டும் நொறுக்குங்கள். கடைப்பொடியை வேதுக்கு வாங்குவது வீண்செலவு. அரைத்த நாளிலிருந்தே அதன் ஆவியாகும் பங்கு கசிந்துகொண்டிருக்கிறது. கஷாயத்துக்கு மட்டும் அந்தப் பொடி பரவாயில்லை.